திருடன் அஞ்சரை மணிக்கு வருவான்

பி.காம் படிக்கிறவனுக்கும் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன வருஷம் வரைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருத்தர் மேல் திருட்டுப் பட்டம் விழுந்ததில் என் கையும் இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் கொஞ்சம் கரண்ட், கம்பி எல்லாம் வரும். பயந்து ஓடிவிடாதீர்கள்.

சிதம்பரத்தில் ஒரு ஏஜென்சி கடை. பெயர் வேண்டாம். சோப்பு, பிஸ்கட், எண்ணெய் எல்லாம் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு சப்ளை. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அண்ணாமலை நகரிலிருந்து சைக்கிளை மிதித்து அங்கே போய் ஜிஎஸ்டி என்ட்ரி போடுவேன். கைச்செலவுக்கு ஆகும், பின்னால் ஆடிட்டர் ஆபீஸில் சேர அனுபவமும் ஆகும் என்று ஒரு கணக்கு.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் கடலூர் பழைய நகரத்துக்காரர் ஒருத்தர். அண்ணன் என்றே சொல்கிறேன். தினமும் பஸ்ஸில் வந்து போவார். கடையின் பில்லிங் எல்லாம் பின்கட்டில் இருக்கும் ஒரு பழைய லினக்ஸ் மெஷினில் ஓடுகிறது. அதன் மானிட்டரை முதலாளி கழற்றி வேறு டேபிளுக்குக் கொடுத்துவிட்டார். 'அது பாட்டுக்கு ஓடுது, அதுக்கெதுக்கு டிவி?' என்பது அவர் வாதம். நெட்வொர்க் மக்கர் செய்தால் அந்த மெஷினோடு பேச வழி வேண்டுமே. அதற்காக அண்ணன் மெஷினின் சீரியல் போர்ட்டில் கன்சோல் வைத்து, அங்கிருந்து முன்பக்க பில்லிங் டேபிள் வரை 12 மீட்டருக்கு ஒரு கேபிள் இழுத்திருந்தார். முன்பக்கம் இருந்தது எக்ஸ்பி போட்ட ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதில் ஹைப்பர் டெர்மினலைத் திறந்தால் பின்கட்டு மெஷின் 'லாகின்' என்று கேட்கும். பெயர், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போகலாம். அவ்வளவுதான் விஷயம்.

தீபாவளிக்கு அப்புறம் சம்பளத் தகராறில் அண்ணன் வேலையை விட்டார். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டி ஓட்ட ஆள் இல்லாததால் அதே வாரம் முதலாளி புதுசு வாங்கினார். புதுசில் 9 பின் சீரியல் போர்ட்டே கிடையாது. கேபிளின் முனை டேபிளுக்கு அடியில் அனாதையாகக் கிடந்தது. அதன் மேல் நான் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது பிற்பாடுதான் தெரியும்.

டிசம்பர் முதல் வாரம் பில்லிங் ஒருநாள் ரொம்ப மெதுவாகப் போனது. நான்தான் பெரிய துப்பறியும் சாம்புவாச்சே, புதுக் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே போய் லாகைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக 'லாகின் தோல்வி'. தினமும் விடியற்காலை அஞ்சரை மணி வாக்கில் யாரோ ஒருத்தன் தவறான பெயர், தவறான பாஸ்வேர்ட் கொடுத்து முட்டி மோதியிருக்கிறான். எப்போதிருந்து என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் அண்ணன் வேலையை விட்ட அதே வாரம். முதலாளிக்கு பிரிண்ட் எடுத்து நீட்டினேன். எடுத்து நீட்டியது நான்தான்.

"தம்பி, அவன்தான். பாஸ்வேர்டு எல்லாம் அவனுக்குத்தானே தெரியும்" என்றார் முதலாளி. பாஸ்வேர்ட் தெரிந்தவர் ஏன் தப்பான பாஸ்வேர்ட் போடுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அண்ணனுக்குத் தரவேண்டிய கடைசி மாதச் சம்பளம் நின்றது. மேல வீதியில் இன்னொரு கடையில் அவருக்கு வேலை கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அங்கே ஒரு போன் போயிற்று, அந்த வேலையும் போயிற்று.

ஜனவரியில் விடுதியில் பக்கத்து அறை ஈசிஇ நண்பனிடம் இதைப் பெருமையாகச் சொல்லி புது பிரிண்டையும் காட்டினேன். அவன் படித்துவிட்டு சிரிக்க ஆரம்பித்தான். "டேய், உங்க திருடன் ரொம்ப பக்திமான்டா" என்றான். டிசம்பர் பாதி வரை அஞ்சரைக்கு வந்தவன், அதற்கப்புறம் நாலரைக்கே வந்திருக்கிறான். மார்கழி!

அடுத்து அவன் கேட்டது, "பேரைப் படிச்சியா?" அந்த 'திருடன்' கொடுத்த பயனர் பெயர்களில் சில குப்பை எழுத்துகள். மீதியெல்லாம் 'லாகின் இன்கரெக்ட்', 'பாஸ்வேர்ட்' என்பவை. உலகத்தில் எவனாவது 'லாகின் இன்கரெக்ட்' என்பதைத் தன் பெயராகக் கொடுப்பானா? அது மெஷின் சொல்கிற பதில் அல்லவா! மெஷின் தன் குரலையே கேட்டு, அது யாரோ வெளியாள் என்று நினைத்து, அதற்குப் பதில் சொல்லி, அந்தப் பதிலையும் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாவது விஷயத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒவ்வொரு வரியிலும் எந்த வழியாக வந்தது என்று போட்டிருந்தது: டிடிஒய்-எஸ்-0. மெஷினின் முதுகில் இருக்கும் முதல் சீரியல் போர்ட்டின் பெயர் அது. இன்டர்நெட் வழியாக அதற்குள் நுழைய முடியாது. அந்த வழியில் வரவேண்டுமென்றால் பூட்டிய ஷட்டருக்குள் வந்து, டேபிளுக்கு அடியில் படுத்து, அந்தக் கேபிளைக் கையில் பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அண்ணன் 45 கிலோமீட்டர் தள்ளி கடலூரில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

சரி, பேசாத கேபிள் எப்படிப் பேசியது? அவன் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

சீரியல் போர்ட்டின் விதிமுறைக்கு ஆர்எஸ்-232 என்று பெயர். 1960ல் வந்தது. இதில் 1 என்றால் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை, 0 என்றால் பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. (டெபிட் கிரெடிட் முதன்முதலில் படித்தபோது தலைகீழாகத் தெரிந்ததே, அதே மாதிரிதான் இதுவும்.) நடுவில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத இடம். யாரும் பேசாதபோது, எதிர்முனையில் இருக்கும் கருவி லைனை மைனஸிலேயே பிடித்து வைத்திருக்கும். பேச ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு பிட் நேரம் பிளஸுக்குத் தூக்கும். கதவைத் தட்டுவது மாதிரி. அதைப் பார்த்ததும் இந்தப் பக்கம் அடுத்த எட்டு பிட்டையும் எண்ணி எடுத்துக்கொண்டு ஓர் எழுத்து வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும். 9600 வேகத்தில் ஒரு பிட் என்பது சுமார் 104 மைக்ரோசெகண்ட்.

எதிர்முனையைக் கழற்றிவிட்டால் லைனைப் பிடித்து வைக்க ஆளில்லை. உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் அதை ஏறக்குறைய பூஜ்யத்திலேயே வைத்திருக்கும். அங்கிருந்து ஒரு சின்ன உதை கிடைத்தாலும் பிளஸ் பக்கம் போய்விடும். மெஷினோ கதவு தட்டப்பட்டதாக நினைத்து, ஒன்றுமில்லாத காற்றிலிருந்து எட்டு பிட்டைப் படித்துக்கொள்ளும். இதை எழுத்து என்று யார் சோதிப்பது? பாரிட்டி என்று ஒரு பிட் உண்டு, ஆனால் பெரும்பாலும் அதைப் போடுவதேயில்லை. போட்டாலும் அது நம்ம டிரையல் பேலன்ஸ் மாதிரிதான். ஒரு தப்பைப் பிடிக்கும். ஒன்றையொன்று ஈடுகட்டும் இரண்டு தப்புகளைப் பிடிக்காது.

உதை எங்கிருந்து வந்தது? கேபிளைப் பிடித்துக்கொண்டே போனோம். மாடிப்படி ஓரத்தில், மேல் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் ஒயரோடு ஒரே கிளிப்பில் ஒட்டி நாலு மீட்டர் ஓடுகிறது. மேல் வீட்டு அம்மா விடியற்காலை அஞ்சரைக்கு மோட்டார் போடுவார்கள். மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், அதனால் நாலரைக்கே. மோட்டார் ஓட ஆரம்பிக்கும் கணத்தில் இழுக்கும் கரண்ட் கேபிளில் ஓர் உதை கொடுக்கிறது. நாலைந்து குப்பை எழுத்துகள். அது போதும். லாகின் கேட்டுக் காத்திருக்கும் புரோகிராமின் பெயர் 'கெட்டி' (நிஜமாகவே அதுதான் பெயர்!). பேரில்தான் கெட்டி. குப்பையை ஒரு ஆசாமியின் பெயராக எடுத்துக்கொண்டு பாஸ்வேர்ட் கேட்க வைத்துவிடும். அந்தக் கேள்வி போகும் கம்பியும் பதில் வரவேண்டிய கம்பியும் 12 மீட்டர் தூரம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, ஷீல்டும் இல்லாமல், மறுமுனை திறந்து கிடக்கின்றன. போகிற சத்தம் வருகிற கம்பியில் கசிகிறது. கிணற்றில் தலையை நீட்டி 'யாருடா?' என்று கேட்டால் கிணறும் 'யாருடா?' என்று கேட்குமே, அதே கதைதான்.

சும்மா சொன்னால் முதலாளி ஒத்துக்கொள்வாரா? ஆதாரம் வேண்டும். லினக்ஸில் ப்ராக் என்ற இடத்தில் சீரியல் டிரைவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எத்தனை எழுத்து போனது, எத்தனை வந்தது, எத்தனை எழுத்து சரியான சட்டத்துக்குள் உட்காராமல் வந்தது, எத்தனை முறை 'பிரேக்' வந்தது என்று தனித்தனியாக. ஒருத்தன் கீபோர்டில் உட்கார்ந்து தட்டினால் அந்தப் பிழைக் கணக்கு ஏறவே ஏறாது என்று சொல்லலாம். எங்கள் மெஷினில் அது கண்டபடி ஏறியிருந்தது. நிரபராதிக்கான சாட்சி, குற்றச்சாட்டு இருந்த அதே மெஷினுக்குள் இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம் சோதனை. கேபிளை மெஷினிலிருந்து கழற்றி இரண்டு நாள் வைத்தோம்: லாகில் ஒரு வரி இல்லை. மறுபடி மாட்டி, மேல் வீட்டு அம்மாவிடம் "அக்கா, ஒரு தடவை மோட்டார் போடுங்களேன்" என்று கேட்டோம். அவர் போட, முதலாளியின் கண்ணெதிரே 'திருடன்' பட்டப்பகலில் வந்தான். மூன்று முறை போடச் சொன்னோம். இரண்டு முறை வந்தான், ஒருமுறை வரவில்லை. முதலாளி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாதாடினார். இரைச்சல் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வராது.

சரிசெய்வதெல்லாம் சுலபம். கேபிள் தேவையில்லை என்றால் கழற்றிவிட வேண்டும், அந்த போர்ட்டில் லாகின் கேட்பதையும் நிறுத்திவிட வேண்டும். தேவை என்றால் ஷீல்டு உள்ள கேபிள், கரண்ட் ஒயரிலிருந்து தள்ளி, இரண்டு முனையும் எப்போதும் மாட்டியபடி. இரண்டு கம்ப்யூட்டருக்கும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்எஸ்-232 எல்லா வோல்டேஜையும் ஒரே ஒரு பொது கிரவுண்டை வைத்துத்தான் அளக்கிறது. அந்தப் பக்கத்து கிரவுண்டும் இந்தப் பக்கத்து கிரவுண்டும் வேறுவேறாக இருந்தால், தராசுத் தட்டில் ஏற்கனவே புளி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். கடலூர் மாதிரி கடலோர ஊரில் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வந்தது சின்ன வியாதிதான். மேலே சொன்ன பிரேக் என்பது, ஒரு முழு எழுத்தின் நேரத்துக்கும் மேலாக லைன் பிளஸிலேயே நிற்பது. பழைய சன் சர்வர்களில் கன்சோலில் பிரேக் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அப்படியே நின்று 'ஓகே' என்று காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கன்சோலில் மாட்டிய டெர்மினலை யாராவது ஆஃப் செய்தாலே பிரேக் போய்விடும் என்பதால், பின்னாளில் அதற்குப் பதில் வேறு எழுத்து வரிசையை வைத்துக்கொள்ளும் வசதியை சோலாரிஸில் கொடுத்தார்கள். இன்றைக்கு விற்கிற சின்னச் சின்ன போர்டுகளிலும் இது உண்டு. யு-பூட் என்ற புரோகிராம் ஆரம்பத்தில் 'ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் நிறுத்துகிறேன்' என்று சில விநாடி காத்திருக்கும். அந்நேரம் மிதக்கும் கம்பியில் ஓர் உதை வந்தால் யாரோ தட்டிவிட்டார்கள் என்று நின்றுவிடும். கரண்ட் போய் வந்தபின் ஒரு பெட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை என்றால் இதையும் சந்தேகப்படலாம்.

இனி என் கருத்து. இதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன்.

முதலாளி ஒருவேளை போலீசுக்குப் போயிருந்தால்? எலக்ட்ரானிக் ஆவணம் கோர்ட்டில் ஏற வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும் என்று நமக்கு பிசினஸ் லா வகுப்பில் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? 2000ம் வருஷத்து ஐடி சட்டத்தோடு வந்த, எவிடன்ஸ் ஆக்டின் 65பி பிரிவு. 2020ல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்றது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63வது பிரிவு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அதில் சான்றிதழ் இரண்டு பாகம், ஒன்றைத் தாக்கல் செய்பவர் தர வேண்டும், இன்னொன்றை நிபுணர் தர வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் குறிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அந்தக் காலத்தில் ஒழுங்காக வேலை செய்தது என்பது நிபந்தனைகளில் ஒன்று.

எங்கள் மெஷின் ஒழுங்காகத்தானே வேலை செய்தது! ஒரு வரிகூடப் பொய் இல்லை. அந்த நேரத்தில், அந்த போர்ட்டில், அந்த எழுத்துகள் வந்தது உண்மை, லாகின் தோற்றது உண்மை. ஹாஷ் போட்டுப் பார்த்தாலும் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்றுதான் வரும். நான் நல்ல மனசோடு கையெழுத்துப் போட்டிருப்பேன். லாக் சொல்வது 'இந்தக் கம்பியில் இது வந்தது' என்பதை மட்டும்தான். 'ஒருத்தன் வந்தான்' என்பதை அதில் சேர்த்தது நானும் முதலாளியும். ஆடிட்டிங்கில் வவுச்சர் இல்லாத என்ட்ரியைக் கண்டால் கேள்வி கேள் என்று மூன்று வருஷம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரிண்ட் அவுட்டைப் பார்த்ததும் அந்தப் பாடமெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

இது ஏதோ சிதம்பரத்துக் கடைப் பிரச்னை என்று விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் தபால் அலுவலகங்களுக்கு பியூஜிட்சு கம்பெனியின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் போட்டார்கள். கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டியதை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட தபால் அலுவலக நடத்துநர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா 2010ல் கர்ப்பிணியாக ஜெயிலுக்குப் போனார். அவருடைய தண்டனை ரத்தானது 2021ல். மென்பொருளில் பிழை இருந்ததை 2019ல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2024ல் சட்டம் போட்டு மொத்தமாகத் தண்டனைகளை நீக்கினார்கள். அங்கே 1999 வரை, கம்ப்யூட்டர் சரியாக இயங்கியது என்று நிரூபித்தால்தான் அதன் ஆவணம் சாட்சியாகும் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்த வருஷம்தான் அதை நீக்கச் சட்டம் போட்டார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் தப்பு என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கக்கூட வழியில்லாத ஆள் எதைக் காட்டுவார்?

நம் 63வது பிரிவில் நிபுணர் பாகம் இருப்பது நல்லதுதான். ஆனால் ஹாஷ் போடுவதோடு அந்த நிபுணர் வேலை முடிந்துவிடக் கூடாது என்பது என் கட்சி. அந்த எழுத்துகள் எந்த வழியாக வந்தன, அந்த வழியின் பிழைக் கணக்கு என்ன, ஆளில்லாமலே இது வர வாய்ப்புண்டா, இந்த மூன்றுக்கும் பதில் எழுதாமல் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. எங்களுக்கு அந்தச் சோதனைக்கு ஆன செலவு பூஜ்யம். ஒரு அக்காவிடம் மோட்டார் போடச் சொன்னோம், அவ்வளவுதான். "வீட்டுக்காரனுக்கு இதெல்லாம் ஓவர், ஒவ்வொரு லாகுக்கும் இவ்வளவு பார்த்தால் வேலை ஓடுமா?" என்று என் வகுப்புத் தோழன் கேட்டான். லாகைப் பார்த்து பாஸ்வேர்டை மாற்றுவதற்கு இவ்வளவு தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். லாகைப் பார்த்து ஒருத்தர் சம்பளத்தை நிறுத்துவதற்குத் தேவை.

முதலாளி என்ன செய்தார் என்கிறீர்களா? நிறுத்திய சம்பளத்தைக் கொடுத்துவிட்டார், இரண்டு தவணையாக. மேல வீதிக்கு மறுபடி போன் செய்யச் சொன்னேன். "அங்க வேற ஆள் போட்டுட்டாங்க தம்பி" என்றார். அதோடு, "இருந்தாலும் கேபிளை அப்படி மோட்டார் ஒயரோட இழுத்தது அவன்தானே" என்றும் ஒரு வார்த்தை.

பொங்கல் கழிந்து அண்ணனுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், ஷீல்டு போட்ட கேபிள்தான் கேட்டேன், காசு தர மாட்டேன்னுட்டார், அதான் ரிச்சி ஸ்ட்ரீட்ல என் காசுல கிடைச்ச ஒயரை வாங்கிட்டு வந்தேன், கிளிப்பும் அங்க மட்டும்தான் இருந்துச்சு என்றார்.

"கேபிள் இப்ப எங்க இருக்கு?"

"கழட்டி வச்சிருக்கேன்ணே."

"வெட்டிறாத தம்பி. ரெண்டு கனெக்டரும் நல்ல கனெக்டர்."

ஞாயிற்றுக்கிழமை அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.